பிள்ளைக்காம்பராவில் குதித்த இரண்டு பேர்

பதுளை மாவட்டத்துக்கு நிலநடுக்கமே வராமல் இரண்டு வருடங்கள் தனி ஆளாகத் தடுத்து வைத்திருந்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் சாமியாரும் இல்லை, அமைச்சரும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஜன்னலோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் அழுத்தி உட்கார்ந்திருந்த ஊழியர். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் 'இல்லைங்க'. எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அதுதான்.

அலுவலகம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பதுளை டவுனில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், ஒழுகும் கூரை, ஏழு கணினிகள். அவற்றில் நான்கு உயிரோடு இருந்தன. தெமோதரை, ஹாலிஎல, லுணுகலைப் பக்கத் தோட்டங்களில் ஐந்து இடங்களில் நிலத்தின் அசைவைப் பதியும் பெட்டிகளை வைத்திருந்தோம். சோதனைக்காக ஆறாவது பெட்டி ஒன்று எங்கள் மாடிப்படிக்கு அடியிலேயே இருந்தது. மனிதர்கள் கவனிக்காமல் விடும் சின்னச் சின்ன நிலநடுக்கங்களைக் கணினி தானாகவே கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் திட்டம். அதை நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர். நாங்கள் 'சேர்' என்போம். நான் அங்கே கடிதம் அடிக்கிறவள். டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். தேயிலையைக் கோப்பையில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கணினி செய்கிற வேலை எளிது. கடைசி இரண்டு விநாடிகளில் நிலம் எவ்வளவு அசைந்தது, அதற்கு முந்திய சில நிமிடங்களில் எவ்வளவு அசைந்தது என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். அசைவு திடீரென்று எகிறினால் மணி அடிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லொறி போனாலும் எகிறும், மாடு வந்து சுவரில் உரசினாலும் எகிறும். முதல் மாதம் அடித்த மணிகளையெல்லாம் நம்பியிருந்தால் ஊவா மாகாணம் இந்நேரம் மட்டக்களப்புக் கடலில் மிதந்திருக்க வேண்டும். எது நடுக்கம், எது வெறும் சத்தம் என்று ஒரு மனிதர் பார்த்துச் சொல்லட்டும், அதைப் பார்த்துக் கணினி பழகிக்கொள்ளட்டும் என்று ஆள் தேடினார்கள்.

நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களில் கடைசி ஆள் இவர். ஐம்பதை நெருங்கும் வயது. இடது கால் கொஞ்சம் இழுக்கும்.

“கம்பியூட்டர் தெரியுமா?” என்றார் சேர்.

“இல்லைங்க.”

“ஓ.எல். பாஸா?”

“இல்லைங்க.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

அவர் சேருடைய தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். அங்கே கண்ணாடி போட்ட படம் ஒன்று தொங்கியது. எங்கள் பெட்டி பிடித்த முதல் நிலநடுக்கம் என்று சேர் வெளிநாட்டு மாநாட்டில் காட்டிக் கைதட்டல் வாங்கிய அலைக்கோடு அது.

“அது நடுக்கம் இல்லைங்க சேர். கொழுந்து அரைக்கிற மெஷினு. பெல்ட்டு லூசா ஓடுது.”

தேயிலைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே வெறுங்காலோடு நின்றவராம். தொழிற்சாலையை மூடிவிட்டார்களாம். சேர் அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போன் போட்டு விசாரித்தார். பிறகு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் படத்தைக் கழற்றினார்; இவருக்கு வேலை கொடுத்தார். ஆணி மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது தடை உத்தரவு. மணி அடிக்கும், இவர் திரையைப் பார்ப்பார், “இல்லைங்க” என்பார். ஒவ்வொரு துண்டு அலைக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் 'லொறி' என்று எழுதினால் போதும். இவர் 'தண்ணி லொறி. டிரைவர் புதுசு' என்று எழுதுவார். 'மாடு' என்று எழுதினால் போதும். 'மாடு. சினையா இருக்கு' என்பார். தெமோதரையில் ரயில் ஸ்டேஷனைக் கடந்து, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் குகை வழியாகப் போகும் அல்லவா? கணினி அதை இரட்டை நிலநடுக்கம் என்று அலறியது. இவர் எழுதினார்: 'ஒரே ரயில்தாங்க. மேல ஒருதரம், கீழ ஒருதரம்.'

படிக்கு அடியிலிருந்த பெட்டியால் அலுவலகத்தில் யாரும் நிம்மதியாகத் தாமதமாக வர முடியவில்லை. 'சேர் படி ஏறுறாரு. கோவமா இருக்காரு' என்று குறிப்பு இருக்கும். அரை நிமிடத்தில் சேர் கோபமாக உள்ளே நுழைவார். அவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை. வலது கால் கொட்ட, இடது கால் இழுக்க, அவர் நடை திரையில் தனியாகத் தெரியும். அதற்குப் பக்கத்தில் பணிவாக எழுதியிருப்பார்: 'இது நானுங்க. மன்னிக்கவும்.'

சரஸ்வதி பூசையன்று எல்லாரும் கணினிக்குப் பொட்டு வைப்போம். இவர் மட்டும் தோட்டத்துத் தொழிற்சாலைகளில் இயந்திரத்தைக் காக்கும் ரோதமுனியை வேண்டிக்கொண்டு, நடுவில் இருந்த பெரிய கணினிக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி இரு பக்கமும் வைத்தார். சாறு உள்ளே இறங்கியது. உயிரோடிருந்த நான்கு கணினிகள் மூன்றாயின.

ஆனால் அவருடைய குறிப்புகளில் நாங்கள் தேடிப் படித்தது மூன்றாம் பெட்டியின் குறிப்புகளைத்தான். அது தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் கோடியில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவின் தரையில் இருந்தது. அது அவர் பிறந்த லயம். அவர் தங்கச்சிதான் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. பெட்டி வைத்த அன்று தங்கச்சியின் மகளும் மகனும் வாசற்படியிலிருந்து குதித்துக் குதித்துத் திரையில் கோடு துள்ளுவதைப் பார்த்துச் சிரித்தார்களாம். மகள் ஒல்லி, லேசாகக் குதிப்பாள். அவளுக்குப் பின்னாலேயே தம்பி பொத்தென்று விழுவான். அவன் குண்டு.

பெட்டி வைத்தவர்கள் பிறகு எடுத்துக் காட்டிய அந்தக் கோடு இவர் மனதில் பதிந்துவிட்டது. மூன்றாம் பெட்டியில் முதலில் சின்னத் துள்ளலும் அடுத்த விநாடியே பெரிய துள்ளலும் வந்தால், அது அக்காவும் தம்பியும்தான். 'அக்கா முன்னால, தம்பி பின்னால.' 'தம்பி இன்னைக்கு லேசாத்தான் குதிக்கிறான். காய்ச்சலா இருக்கும்.' 'ரெண்டு பேரும் ஏழு தடவ. ஆயா அடிக்கப் போறா.' கணினியும் நல்ல மாணவனாகப் பழகிக்கொண்டது. சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்றால் மனித நடமாட்டம். மணி அடிக்காமல் தானே கழித்துக் கூடையில் போட்டுவிடும். இவர் மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தக் கூடையைத் திறந்து பார்ப்பார். மருமக்களைப் பார்க்க அவருக்கு வேறு வழி இல்லை.

ஏன் இல்லை என்றால், அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. மருமகளின் காதுகுத்தில், தாய்மாமனாக மடியில் பிள்ளையை வைத்திருந்தவரிடம், தங்கச்சி புருசன் பந்தியில் எல்லார் முன்னாலும் பெருமையாகக் கேட்டிருக்கிறார்:

“மச்சான், ஆட்டுக்கறி எப்புடி?”

“ஆடு இல்லைங்க.”

கால் மணி நேரத்தில் மூன்று லயத்திலும் சோறு அப்படியே நின்றுவிட்டதாம். அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை. பெட்டி பழுது பார்க்கப் போவதென்றாலும் வேறு ஆளைத்தான் அனுப்புவார்.

இப்படி இருக்கையில் அந்த லயத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இருபது குடும்பங்கள் கையெழுத்துப் போட்டிருந்தன. நிலம் அதிர்கிறது, சுவர் வெடிக்கிறது, வேறு இடம் கொடுங்கள் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் கேட்டார்களாம். நிலம் அசைகிறது என்று எழுத்தில் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்று அவர் சொன்னாராம். ஐயா, உங்கள் பெட்டி என்ன சொல்கிறது? சேர் கணினியைக் கேட்டார். கணினி சொன்னதை நான் அழகாக அடித்துக் கொடுத்தேன்: 'மேற்படி இடத்தில் நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை. பதிவானவை மனித நடமாட்டம் மட்டுமே.' ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

இரண்டு மாதம் கழித்து மூன்றாம் பெட்டியின் பற்றரி செத்தது. போக ஆள் இல்லை. “மிஸ், நீங்க ஒருக்கா போய் மாத்திட்டு வாங்க” என்றார் சேர். 'இல்லைங்க' என்னை வாசல்வரை பின்தொடர்ந்து வந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் இரண்டு பலூனையும் கையில் திணித்தார்.

“புள்ளைகளுக்கு மிஸ். நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம்.”

ஆட்டோ போகும் தூரம் போய், மிச்சத்தை நடந்து ஏறினேன். லயத்தில் எல்லா வீட்டுச் சுவரிலும் காலண்டர்கள். ஒரு வீட்டில் நாலு, ஒரு வீட்டில் ஆறு. இவர்களுக்குச் சாமி படத்தில் இவ்வளவு பிரியமா என்று நினைத்தேன். ஒரு காலண்டர் காற்றில் தூக்கியது. பின்னால் என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.

தங்கச்சி சாவியோடு வந்தாள். பிள்ளைக்காம்பராவின் பூட்டு துருவேறி இருந்தது. திறக்க இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியதாயிற்று.

“தினமும் எப்படித் திறக்கிறீங்க?” என்றேன்.

“தினமுமா? இது பூட்டி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க மிஸ். செவுரு வெடிச்சுதுன்னு புள்ளைகள கோயில் மடுவத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோயிட்டோம். இங்க ஒரு குருவி கூட வாறதில்ல.”

“உங்க பிள்ளைகள் இங்கே குதிக்கிறதில்லையா?”

“எங்க புள்ளைகளா? பெரியவ ரெண்டாம் வகுப்பு. சின்னவனும் இந்த வருசம் பள்ளிக்கூடம் போயிட்டான். எதுக்குங்க கேக்கிறீங்க?”

நான் பற்றரியை மாற்றிவிட்டுப் பலூனைக் கைப்பைக்குள் தள்ளினேன். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். வாயில் வைக்கப் போகும்போது யாரோ கீழிருந்து பலகையை ஒரு தட்டுத் தட்டினாற்போல் இருந்தது. “ம், வந்துருச்சு. டம்ளர நல்லா புடிச்சுக்கங்க” என்றாள் அவள், பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற குரலில். அடுத்த விநாடி பெரிதாக ஒரு குலுக்கல். அடுக்களையில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. காலண்டர்கள் எல்லாம் ஒன்றாக அசைந்து நின்றன. முதலில் சின்னது, பின்னால் பெரியது.

நிலநடுக்கம் அப்படித்தான் வரும். வேகமான சின்ன அலை முன்னால் ஓடி வரும், கனமான அலை பின்னால் வரும். சேருடைய பாடப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. நானே அதைப் பத்துத் தடவை அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

“ஒங்க ஆபீஸ் கடிதாசி வந்துச்சுங்க” என்றாள் தங்கச்சி. “மனித நடமாட்டம்னு போட்டிருந்துச்சு. நாங்க என்னங்க மிஸ், அப்புடியா நடக்கிறோம்?”

திரும்பி வந்து அவரிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் வரவில்லை. பிஸ்கட்டைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கூடையில் சேரும் அலைத்துண்டுகள் தேதி இல்லாமல்தான் வரும். பார்ப்பவர் மனம் ஒரு பக்கம் சாயக்கூடாது என்று சேர் செய்த ஏற்பாடு அது. தேதியை எடுத்துத் தரச் சொன்னார். கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா குதித்திருந்தாள். தீபாவளியன்று தம்பி குதித்திருந்தான். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு வருடமாக இரண்டு பேரும் விடாமல் குதித்திருந்தார்கள்.

அவர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். அலுவலகத்துக்குள் அவர் செருப்போடு உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“இத்தன நாளா நான் மலையத்தான் மிஸ் கொஞ்சிக்கிட்டு இருந்திருக்கேன்” என்றார்.

பிறகு மூன்று வாரம், காலையில் வந்தால் பொழுது சாயும்வரை, கூடையில் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கதவு பூட்டிய பிறகு வந்தவற்றில் 'அக்கா முன்னால, தம்பி பின்னால' என்று இருந்த ஒவ்வொரு கட்டத்தையும் அழித்துவிட்டு 'நடுக்கம்' என்று எழுதினார். காய்ச்சலாக இருந்த தம்பியையும் அழித்தார். ஏழு தடவை குதித்ததற்காக அடி வாங்கப் போன இருவரையும் அழித்தார். நான் பக்கத்தில் நின்றால் திரையைக் கையால் மறைத்துக்கொள்வார். எங்களுக்கெல்லாம் சிரிப்புக் காட்டிய மனிதர் அழுவதைப் பார்க்கும் தைரியம் எனக்கும் இல்லை.

பட்டியலை எடுத்துக்கொண்டு சேரிடம் போனோம். சேர் கெட்டவர் இல்லை. பட்டியலை இரண்டு தடவை படித்தார். நெற்றியைத் தேய்த்தார்.

“எல்லாம் மூணாம் பெட்டி மட்டும்தான். ஒரு நடுக்கம் எங்க நடந்ததுன்னு சொல்ல ஆகக் குறைஞ்சது மூணு பெட்டியாவது அதைக் கேட்டிருக்கணும். இது ரொம்பச் சின்னது, மத்தப் பெட்டிக்கு எட்டல்ல. ஒரு பெட்டி கேட்டதைப் பட்டியல்ல போட ஏலாது.”

'இல்லைங்க' பட்டியலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

“நான் இல்லைன்னு சொன்னப்ப ஒரு ஆளு போதும்னீங்க சேர். ஆமான்னு சொல்றதுக்கு மட்டும் மூணு பேரு வேணுமா?”

சேர் அன்றைக்கே அந்த மலையில் வைக்க இன்னும் இரண்டு பெட்டி வேண்டும் என்று கொழும்புக்கு எழுதினார், நான்தான் அடித்தேன். பரிசீலனையில் உள்ளதாகப் பதில் வந்தது. மறுபடி எழுதினோம். மறுபடி பரிசீலனையில் இருந்தது. துரையிடம் போனால், பட்டியலில் இல்லையே என்றார். இருபது குடும்பமும் அதே சுவருக்குள், அதே காலண்டர்களுக்குக் கீழே இருக்கின்றன. நான் அடித்த முதல் கடிதம் துரையின் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. மூன்று பேர் சொன்னாலும் அசைக்க முடியாத சாட்சி அது.

ஒரு திங்கட்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது. மேசையில் ராஜினாமாக் கடிதம். காரணம் என்ற இடத்தில் 'வீட்டுக்குப் போறேன்' என்று மட்டும் இருந்தது.

வாசலில் தங்கச்சி புருசன் குறுக்கே நின்றாராம். “அது ஆடுதான்னு சொல்லுங்க, உள்ள விடுறேன்” என்றாராம். இரண்டு பிள்ளைகளும் அப்பாவின் காலுக்கு நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இவர் இஸ்தோப்பில் பையைக் கீழே வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, “ஆடுதாங்க” என்றாராம். இதைப் போனில் என்னிடம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆடு இல்லைங்க மிஸ்.”

இப்போது அவர் அங்கே கணினி செய்ய மறுத்த வேலையைச் செய்கிறார். கீழிருந்து முதல் தட்டு விழுந்ததும் ஒரு தகரத்தை எடுத்துத் தட்டிக்கொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடுகிறார். கதவு கதவாக இடித்து எல்லாரையும் வெளியே கொண்டுவந்து காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிறுத்துகிறார். அடுப்பில் சோறு இருந்தாலும் விடுவதில்லை, குளிக்கிறவர்களையும் விடுவதில்லை. பாதிப் பேர் திட்டிக்கொண்டும் மீதிப் பேர் சிரித்துக்கொண்டும் வருகிறார்களாம். ஒருநாள் அந்தச் சுவர் விழும். அன்றைக்கு அவர் ஓடி முடித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஐப்பசி மழை வேறு ஆரம்பித்துவிட்டது.

அவருடைய நாற்காலியில் இப்போது நான் உட்கார்கிறேன். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு மூன்றாம் பெட்டியின் கூடையைத் திறப்பேன். ஒரு சின்னத் துள்ளல், ஒரு பெரிய துள்ளல். அதற்குப் பின்னால் வலது கால் கொட்ட, இடது கால் இழுக்க, ஒரு மனிதர் ஓடுகிற கோடு. ஓடும் கோடு நிற்கும். பிறகு ஒன்றுமே இருக்காது. அந்த இடத்தில் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுத் திரையையே பார்ப்பேன். சில நிமிடங்கள் கழித்து அதே கால்கள் அந்தக் கோடியிலிருந்து திரும்பி வரும், அவசரமில்லாமல்.

கணினி அதையும் மனித நடமாட்டம் என்று ஒதுக்கித்தான் வைத்திருக்கிறது. நான் குறிப்புக் கட்டத்தில் எழுதுகிறேன்: 'இது அவருங்க. எல்லாரையும் வெளிய கொண்டுவந்துட்டாரு. மெதுவா வர்றாரு.'